வரப் போக முக்கால் மணி

கழிமுகத்துப் படிக்கட்டில் மடக்கு நாற்காலி போட்டு, கையில் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாளை வெளியூர்க்காரர்கள் சுங்கம் வாங்குகிறவள் என்று நினைத்துவிடுகிறார்கள். சிலர் சில்லறைகூட நீட்டியிருக்கிறார்கள். அவள் தொடமாட்டாள். "கையில என்ன தாள்? மஞ்சளா, வெள்ளையா?" என்று மட்டும் கேட்பாள். வெள்ளை என்றால் வழி விடுவாள். மூளை பிசகின கேஸ் என்று யாராவது முணுமுணுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிசகினது அவள் மூளை இல்லை, என் காது.

இருபத்தாறு வருடம் எங்கள் ஊரின் தபால்காரி அவள். எனக்கு ரத்த உறவு எதுவும் இல்லை, ஆனாலும் அக்கா. ஊர் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், ஏணிக்குப் பயம். நாயைக் கட்டியாயிற்றா என்று நாலு தரம் கேட்டுவிட்டுத்தான் கேட்டைத் திறப்பாள். யாருக்காவது தந்தி வந்தால் வாங்குகிறவருக்கு முன்னால் இவள் அழுதுவிடுவாள். அவளை வைத்துக் கேலி பேசியவர்களில் நானும் ஒருவன், மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் இதே பயந்தாங்கொள்ளி படிக்கட்டில் இறங்கி, தண்ணீர் வற்றிய மணலில் தனியாக நடந்து, எதிர்முனையில் இருந்த உப்புக் கிடங்குக்குத் தபால் கொண்டுபோவாள். தண்ணீர் ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் எழுதிய அட்டை பையில் எப்போதும் இருக்கும். அதையும் நம்பாமல், கரையில் கால்மணி நேரம் நின்று, படிக்கு அடியில் ஓடும் ஓடையைப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பாள். திரும்பி வருவது அந்த வழியாக இல்லை. கிடங்கிலிருந்து உப்புப் படகு புறப்படும், அதில் ஏறி வந்துவிடுவாள். இருபத்தாறு வருடத்தில் செருப்பு நனைந்ததில்லை.

அவள் ஓய்வு பெற்ற வருடம், ஊருக்கு நாலு பேர் வந்து போகட்டும் என்று ஊராட்சியில் ஒரு யோசனை செய்தார்கள். வயல் வரப்பு, ஆற்றங்கரை, கழிமுகம் என்று ஆறு வழிகளைப் பொறுக்கி 'எளிய நடைகள்' என்று ஒரு தாள் போடுவது. அச்சகம் என்னுடையது. எந்த வழிக்கு எவ்வளவு நேரம் என்று சொல்ல அக்காவை விட்டால் ஆள் ஏது? கூப்பிட்டேன், வந்தாள். தாள் வெட்டும் இயந்திரத்துக்குப் பயந்து உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். நான் இயந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அவள் கத்த, நான் எழுதிக்கொண்டேன்.

நாலாவது வழி உப்புக் கிடங்கு. "வர்றது போக முக்கால் மணி" என்று கத்தினாள். திரும்பி வருவதைக் கணக்கில் சேர்க்காமல், போவதற்கு மட்டும் முக்கால் மணி. அவளுக்கு வருவது எப்போதும் படகுக்காரன் பாடு. நான் எழுதியது 'வரப் போக முக்கால் மணி.' மஞ்சள் தாளில் அழகாக அச்சடித்து, பக்கத்தில் 'மிக எளிது' என்றும் போட்டேன். உப்புக் கிடங்கை மூடிப் படகு நின்று இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

தாள் வெளிவந்த நாலாம் நாள், மூன்றரை மணி இருக்கும், முழங்கால் வலிக்கு ஊன்றுகிற மூங்கில் கழியோடு அக்கா கடைக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே ஒரு தாளைக் கேட்டு வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தாள். நாலாவது வரியில் அவள் உதடு நின்றது.

"எவன்டா இதை எழுதினது?"

"நீதான்க்கா சொன்னே. வரப் போக முக்கால் மணின்னு."

"வர்றது போகன்னு சொன்னேன்டா பாவி! வர்றதை விட்டுட்டு!"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஆறாம் மாதம். தினமும் கொஞ்சம் நட என்று டாக்டர் சொல்லியிருந்தார். "எது ரொம்ப ஈஸிப்பா?" என்று கேட்டவளுக்கு நான்தான் நாலாவதைக் காட்டினேன். இரண்டே முக்காலுக்குப் போனவள். அவளுடைய போன் என் மேசைமேல் சார்ஜில் கிடந்தது.

"பாப்பா போயிருக்காக்கா" என்றேன்.

அக்கா அட்டையைப் பார்க்கவில்லை, அது அவளுக்கு மனப்பாடம். "மூணுக்கே தண்ணி திரும்பிடுச்சு. நாலு அடிச்சா ஓடை இடுப்புக்கு வந்துடும். ஓடு!" என்றாள். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினோம். முழங்கால் வலிக்காரி எனக்கு முன்னால் ஓடினாள். ஒரு முற்றத்தில் நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு முழுசாகப் பயம் பிடித்தது.

படிக்கட்டுக்கு வந்தோம். மணல் காய்ந்தே கிடந்தது. நடுவில் பச்சைத் துப்பட்டா தெரிந்தது. மெதுவாக, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வந்துகொண்டிருந்தாள். எனக்கு உயிர் வந்தது. "பாப்பா! சீக்கிரம் வா! இங்க வா!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். அவள் பார்த்துவிட்டாள். நேராக என்னை நோக்கி நடையை எட்டிப் போட்டாள்.

அக்கா மூங்கில் கழியால் என் கையில் ஓங்கி அடித்தாள்.

"கூப்பிடாதடா! கீழ பாரு!"

பார்த்தேன். படிக்கு அடியிலிருந்த ஓடை, மகள் போகும்போது செருப்போடு தாண்டிய ஓடை, சத்தமில்லாமல் பழுப்பாகச் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. மணல் நனையும் முன்பே ஓடைதான் நிரம்பும். அங்கிருந்து பார்க்கிறவளுக்கு அது தெரியவே தெரியாது. அதற்குள் இறங்கினால் சேறு தொடைவரை பிடிக்கும், மேலே தண்ணீர். படகுகள் எல்லாம் முகத்துவாரத்தில் வலையோடு நின்றன. கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை.

"கிளிஞ்சல் மேட்டுல மட்டும்தான் கால் நிக்கும். அந்தச் சாஞ்ச கம்பத்துக்கு நேரா" என்று மேற்கே காட்டினாள். முந்நூறு அடி இருக்கும். "அந்தப் பக்கம் போன்னு கத்தறேங்க்கா!" என்றேன்.

"காத்து எதிர்ல அடிக்குது, ஒண்ணும் காதுல விழாது. நீ இங்க நின்னா அவ இங்கதான் வருவா. அவளுக்கு முதுகைக் காட்டிட்டுக் கம்பத்தைப் பார்த்து நட, உன் பின்னாலயே வருவா."

"எப்படிக்கா..."

"நடடா!"

நடந்தேன். தண்ணீரை நோக்கி வந்துகொண்டிருந்த மகளுக்கு முதுகைக் காட்டி நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பின்னங்கழுத்தில் கழியை வைத்து அழுத்திக்கொண்டே அக்கா வந்தாள். என் காதில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் ஒரு அலறல் வருமோ, வருமோ என்று ஒவ்வொரு அடிக்கும் செத்தேன். பயந்தாங்கொள்ளி என்றால் என்ன என்று அந்த முந்நூறு அடியில் தெரிந்துகொண்டேன். "வர்றாளாக்கா?" என்றேன். கழி இன்னும் அழுந்தியது. மறுபடி கேட்டேன். "திரும்பிட்டா. நம்ம பக்கம்தான் வர்றா. நீ நட" என்றாள்.

கம்பத்தருகே வந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. கழியைக் கிளிஞ்சலில் ஊன்றி, இன்னொரு கையை நீட்டினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். மகள் வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி வந்து அந்தக் கையைப் பிடித்தபோது தண்ணீர் அவள் மார்பைத் தொட்டிருந்தது.

கரையில் உட்காரவைத்தோம். பல் கிடுகிடுத்தது. என்னைப் பார்த்து மகள் கேட்டது ஒன்றுதான்.

"ஏம்பா என்னை விட்டுட்டுப் போனீங்க?"

அக்கா எடுத்துச் சொன்னாள். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பேரன் பிறந்து இப்போது நடக்கிறான், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் தெருவில் அவளுக்கு முன்னால் நடந்தால், "பக்கத்துல வாங்கப்பா" என்கிறாள்.

மறுநாளே வெள்ளைத் தாளில் புதிதாக அச்சடித்தேன். இந்தத் தடவை இயந்திரத்தை நிறுத்தி, அக்காவைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துவந்து உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினேன். அந்த நாலு நாளில் வெளியே போன மஞ்சள் தாள் முப்பத்தொன்று. பேருந்து நிலையம், விடுதி, பக்கத்து ஊர்கள் என்று இருவருமாக அலைந்து முப்பதைப் பிடுங்கிக் கிழித்தோம்.

மிச்சம் ஒன்று. யார் கையில் இருக்கிறதோ, எந்தப் புத்தகத்துக்குள் மடங்கிக் கிடக்கிறதோ தெரியாது. அதற்காகத்தான் தண்ணீர் வற்றுகிற நேரமெல்லாம் அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். காய்ச்சல் என்று அவள் படுக்கிற நாளில் கடையைச் சாத்திவிட்டு நான் போய் உட்காருகிறேன்.