பக்கத் திரைக்குப் பின்னால் இருபத்தோரு நாள்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம், இனிமேல் பள்ளிக்கூடம் போகப்போவதில்லை என்று என் மகள் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என் மனைவி அதை இரண்டு நாள் மனதுக்குள் வைத்திருந்து மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரா பாஷை. தமிழ் எல்லாம் தெருவில் கற்றதுதான். வகுப்பில் எழுந்து பாடம் வாசித்தால், இவள் இழுத்துப் பேசுவதைப் பின்பெஞ்சில் நான்கைந்து பேர் அதே ராகத்தில் திருப்பிச் சொல்வார்களாம். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்த கேலி. அதன்பிறகு அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

நான் அப்போது கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை நிமிடம் தாமதம் என்று குறிப்பதுதான் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் மாடிப்படி பதினேழு. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் முந்நூற்று நாற்பத்தெட்டு காலடி. இவ்வளவையும் எண்ணியவனுக்கு, பெற்ற பெண் ஒன்றரை வருஷமாக வகுப்பில் பேசவில்லை என்பது தெரியாமல் போயிற்று. தெரிந்ததும் நான் செய்த காரியம், பிளஸ் ஒன் சேர்க்கைக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணியது. ஐம்பத்திரண்டு.

என் மனைவி வேறு வழி பார்த்தாள். திருப்பரங்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மே மாதம் இளைஞர் நாடகப் பயிற்சி நடக்கிறது என்று எங்கிருந்தோ ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்தாள். பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை சேரலாம், இருபத்தோரு நாள், கடைசி நாளில் நாடகம். தையல் வேலை மட்டும்தான் செய்வேன், மேடை ஏற மாட்டேன் என்ற நிபந்தனையோடு மகள் ஒத்துக்கொண்டாள். எனக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன்.

நடத்தியவர் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்த்த பெண். முப்பது வயது இருக்கும். பிள்ளைகளுக்கு அவர் அக்கா, எனக்கு டீச்சர். முதல் நாளே அவர் தம் முறையைச் சொன்னார். நாடகத்தைப் பிள்ளைகளே பேசிப் பேசி உண்டாக்குவார்கள். எல்லாருக்கும் எல்லா வசனமும் பாடமாக வேண்டும். யாருக்கு எந்த வேஷம் என்பது கடைசி வாரத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான். தையல் எடுத்தவருக்கும் சீட்டு உண்டு.

மறுநாளே நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அதனால் போனோம்.

மொத்தம் பதினைந்து பேர். ஒருநாள் டீச்சர், அவரவர் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார். பழைய நகரத்தில் வளையல் கடை வைத்திருந்தவரின் மகன் உருது கலந்து பேசினான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி பேசியது எனக்கே பாதிதான் புரிந்தது. என் மகள் முறை வந்தது. அவள் சொன்ன நான்கு சௌராஷ்டிரா வாக்கியத்தைப் பதினான்கு பேரும் திருப்பிச் சொல்லத் திணறினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்துக்கொண்டே திருத்தினாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சோறு பிசைவதை அவள் நடித்துக் காட்டினாள். என் மனைவிக்குப் புரையேறியது. எனக்குக் கோபம் வரவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

இன்னொரு பயிற்சியும் தினமும் நடக்கும். ஒத்திகை நடுவில் டீச்சர் வேண்டுமென்றே ஒரு தட்டைக் கீழே போடுவார், அல்லது குறுக்கே நடப்பார். நடித்துக்கொண்டிருக்கிறவர்கள் நிற்கக் கூடாது. அதையும் கதைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சீட்டில் என் மகளுக்கு வாடகை வீட்டுப் பெண்ணின் வேஷம் வந்தது. ஒன்பது வசனம். கடைசிக் காட்சியில் வீட்டுச் சொந்தக்காரர் மூன்று தடவை, "சாவி எங்க?" என்று மிரட்டுவார். அவள் பேசாமல் நின்றுவிட்டு, "சாவி என்கிட்டதான் இருக்கு. தர மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். ஒத்திகையில் அந்த மௌனம் ஐந்து விநாடி, மிஞ்சினால் ஆறு.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், தினமும் ஹால் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணினேன். டீச்சர் அதைக் கவனித்துவிட்டு வசன நோட்டை என் கையில் கொடுத்தார்.

"சார், நீங்க எண்ணாம இருக்க மாட்டீங்க. பக்கத் திரைக்குப் பின்னாடி நின்னு இதைப் பார்த்துக்கங்க. பிள்ளைங்க உங்களைத் திரும்பிப் பார்த்தா மட்டும் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுங்க. பார்க்கலைன்னா வாயைத் திறக்கக் கூடாது."

நாடகத்தன்று ஹாலில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில், அவள் வகுப்புப் பெண்கள் இருவர். பின்பெஞ்சுக்காரிகள்தான் என்று என் மனைவி ஏற்கெனவே அடையாளம் காட்டியிருந்தாள். எட்டு வசனம் நல்லபடியாகப் போனது. வீட்டுக்காரராக நடித்த வளையல் கடைக்காரர் மகன் மூன்றாவது தடவையும், "சாவி எங்க?" என்றான். அவள் நின்றாள். ஐந்து, ஆறு. எட்டு. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பத்து. பதினொன்றில் என் புத்தி தடுமாறிவிட்டது. நோட்டில் இருந்த வசனத்தையாவது சொல்லியிருக்கலாம். நான் எங்கள் பாஷையில், சொல்லும்மா, பயப்படாதே, அப்பா இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கிறது.

ஹால் சிரித்தது. அந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். எந்தப் பேச்சுக்காக அவள் ஒன்றரை வருஷம் வாயை மூடியிருந்தாளோ, அதை இருநூறு பேர் முன்னால் நானே கொண்டுபோய் வைத்துவிட்டேன். நோட்டு என் கையிலிருந்து விழுந்தது.

அவள் அப்போதுதான் திரும்பினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வீட்டுக்குள் படுத்திருக்கும் அப்பாவுக்குப் பதில் சொல்கிற மாதிரி, எங்கள் பாஷையிலேயே, நீங்கள் எழுந்து வர வேண்டாம் அப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, நிதானமாக, "சாவி என்கிட்டதான் இருக்கு. தர மாட்டேன்" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. கைதட்டல் எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

திரை விழுந்ததும் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. அந்த மௌனத்தை இன்னும் நீட்டலாம் என்று அவளேதான் காலையில் கேட்டாளாம், என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்களாம். வளையல் கடைக்காரர் எனக்கு ஒரு டீ வாங்கிவந்தார்.

"அண்ணே, அம்புட்டுப் பேரும் நெசமாவே வீட்டுக்குள்ள ஒரு அப்பா படுத்திருக்காருன்னு நினைச்சுட்டாக. அடுத்த நாடகத்துலயும் நீங்க உள்ளயே இருங்க."

அந்த இருபத்தோரு நாளுக்கு நான் யாருக்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன் என்று யோசித்தால், டீச்சர், என் மனைவி, அந்தப் பதினான்கு பிள்ளைகள், சேர்த்துப் பதினாறு பேர். அவர்களில் ஒருவருக்கும் நான் அன்று வாய்விட்டு நன்றி சொல்லவில்லை. வெட்கத்தில், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் போவதைப் பற்றி வீட்டில் நாங்கள் யாரும் பேச்செடுக்கவில்லை. ஜூன் மாதம் ஒரு காலையில் அவளே மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு, வாங்கப்பா, விண்ணப்பம் கொடுக்கணும் என்றாள். பள்ளி வாசலில், நீங்கள் வெளியிலேயே நில்லுங்கள் என்றும் சொன்னாள். வரிசையில் அவள் பதினான்காவது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா ஒவ்வொன்றாக உரக்கக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். தாய்மொழி என்ன என்றார். முந்தைய பள்ளிப் படிவத்தில் தமிழ் என்றே போடச் சொல்லி அவள் அழுதிருக்கிறாள், நானும் போட்டிருக்கிறேன். இப்போது அவள் சொன்ன பதில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டார்.

"சௌராஷ்டிரா சார்" என்றாள். வாசலுக்கு வெளியே நின்ற எனக்கே நன்றாகக் கேட்டது.