ஒரு படி தூக்கலான நிறம்

சிங்கப்பூரில் சுவருக்குக்கூடத் தன் நிறத்தில் இருக்க உரிமை உண்டு. புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீடுகளுக்கு நாங்கள் பெயிண்ட் அடித்து முடித்ததும், சீன மேற்பார்வையாளர் வண்ண அட்டையைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். கொஞ்சம் வெளுத்திருந்தாலும் "நோ, நோ, சேம் கலர்" என்று மறுபடி அடிக்கச் சொல்வார். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. வெளுப்பாக இருப்பதற்கு யாராவது கோபிப்பார்களா?

புதுக்கோட்டையில் யாரும் கோபித்ததில்லை. காலண்டர் அம்மன்களையும் சினிமா பேனர்களையும் பார்த்துப் பார்த்து வரையப் பழகியவன் நான். அந்த ரோஜாக் கன்னங்கள் கையில் ஊறிவிட்டன. பிறகு ஒரு ஸ்டூடியோவில், இறந்தவர்களைப் படமாக வரையும் வேலை. யாராக இருந்தாலும் நிறத்தை ஒரு படி தூக்கிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கறுப்பு மாநிறமாகும், மாநிறம் சிவப்பாகும். வீட்டாருக்கும் அதுதான் பிடிக்கும். என் அம்மா இறந்தபோது எங்களிடம் இருந்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் மட்டும். அதைப் பார்த்து வண்ணத்தில் வரைந்தேன். பாசத்தில் இரண்டு படி தூக்கிவிட்டேன். "மகாலட்சுமியாட்டம் இருக்கா" என்று அத்தை அழுதபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் உட்கார்ந்து வரைவேன். தேக்கா சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் லலிதா அக்கா இந்த ஊரிலேயே பிறந்தவர். காலமான தன் அம்மாவின் புகைப்படத்தைத் தந்து வரையச் சொன்னார். என் கைவரிசையைக் காட்டி எடுத்துப்போனேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்கம்மா இல்ல, தம்பி."

எனக்குப் புரியவில்லை. "இன்னும் கொஞ்சம் செவப்பாக்கித் தரட்டுமாக்கா?"

"ஐயோ, வேணாம் லா! எங்கம்மா நல்ல கறுப்பு. போட்டோவுல பாத்தீங்கதானே? அந்தக் கறுப்ப எதுக்கு எடுத்தீங்க?"

கண்ணால் பார்த்த நிறத்தை அப்படியே வைத்து மறுபடி வரைந்தேன். படத்திலிருந்த அந்த அம்மா இப்போது என்னை நேராகப் பார்த்தார். அன்றிலிருந்து யார் நிறத்தையும் நான் தூக்குவதில்லை. உடனே என் அம்மாவையும் திருத்தி வரைய ஆசை வந்தது. ஆனால் கண்ணை மூடினால் நான் வரைந்த படம்தான் வருகிறது. ஊரிலிருக்கும் தங்கை செல்வியை அழைத்தேன்.

"அம்மா என்ன நிறம்னு ஞாபகம் இருக்கா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குற? படத்துல இருக்காகளே, அதே நிறந்தான்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மா போனபோது அவள் சின்னப் பெண். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுவது அந்தப் படத்தைத்தான். அம்மாவை அழித்தவன் நான்.

சிறுவயதில் எல்லோரும் நான் அப்படியே அம்மா நிறம் என்பார்கள். அதனால் இப்போதெல்லாம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கையைக் காகிதத்தின் பக்கத்தில் வைத்து வண்ணம் கலக்கிறேன். தோளருகே ஒரு நிறம், வெயில் பட்ட முன்கையில் இன்னொரு நிறம். இதில் எவ்வளவு அம்மா, எவ்வளவு இந்த ஊர் வெயில் என்று தெரியாமல் தூரிகை காய்ந்துபோகிறது.