எட்டு வரி, எட்டு வரியாக ஒரு படம்

குப்பம் பக்கத்துக் குடுபல்லியில் எங்கள் நிலத்தை ஒட்டியே காடு. யானை வந்தால் தெரிவிக்க வேலிக்குள் உயரமாக ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் கீழ்நோக்கிக் கேமரா வைத்தோம். திருப்பதியில் நான் வேலை செய்யும் ஆய்வகத்தின் சோதனைக் கருவி அது. சின்ன பேட்டரி, மெதுவான ரேடியோ, ஒரு முழுப் படத்தைக்கூட வைத்துக்கொள்ள இடம் போதாத சிப். அதனால் எதிரே ஏதாவது அசைந்தால் படத்தை மேலிருந்து எட்டு எட்டு வரியாகப் படிக்கும். சுருக்கும், அனுப்பும், அழிக்கும், அடுத்த எட்டுக்குப் போகும். சுருக்கும் புரோகிராமை எழுதியது நான்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கம்பத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"யானை வந்தா இது யாருக்கு போன் பண்ணும்?"

"போன் பண்ணாது நைனா, படம் அனுப்பும். உனக்கும் எனக்கும்."

"அப்படியே யானைக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லு, நான் உள்ள கீறேன்னு."

கேழ்வரகு கதிர் விட்டதும் அம்மா எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தாள். காட்டுப்பன்றி வராமலிருக்க வேலி நெடுகப் பழைய புடவைகளைக் கட்டினாள். பூப் போட்டவை, கட்டம் போட்டவை, ஜரிகை வைத்தவை. அவை காற்றில் ஆடும்போதெல்லாம் படம் வந்தது. "மறுபடியும் உன் புடவைதான்டி" என்று நைனா கேலி செய்வாராம்.

ஐப்பசியில் மூட்டமான ஒரு சாயங்காலம் அப்படித்தான் ஒரு படம் வந்தது. மேலே புடவைகள், கீழே சேறு பூசின மாதிரி ஒரே நிறம். நைனா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நிலத்தில் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்கப் போனார். யானை கதிருக்கு நடுவே நின்றிருந்தது.

அது தள்ளியதில் நைனாவின் இடுப்பு நொறுங்கிவிட்டது. சித்தூரில் பார்த்துவிட்டுத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் நடக்கும்போது வெளியே உட்கார்ந்து அந்தப் படத்தைத் திறந்தேன். ஒரு படத்துக்கு இவ்வளவு டேட்டாதான் என்று அளவு உண்டு. நுணுக்கம் அதிகமுள்ள வரிகள் அதிகம் எடுத்துக்கொள்ளும். மேல் வரிகளில் புடவையின் ஒவ்வொரு பூவும் இதழோடு தெரிந்தது. யானை நின்ற கீழ் வரிகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை; வெறும் சாம்பல் கட்டங்கள். ஆய்வகத்தில் மரம், சாலை, மாடு, நடந்து போகும் ஆள், எல்லாம் வைத்துச் சோதித்திருந்தோம். புடவை வேலியை யாரும் நினைக்கவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை, நடப்பது கஷ்டம் என்றார் டாக்டர்.

எல்லா வரிகளுக்கும் சமமாகப் பங்கு வைக்கும்படி புரோகிராமை மாற்றினேன். இனி எல்லாமே மங்கலாகத்தான் தெரியும், ஆனால் எதுவும் முழுசாக மறையாது. வார்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"இப்ப நம்பலாமா?"

"பாதி நம்பும்மா."

"பாதிய வச்சிக்கினு இன்னாடி பண்றது?"

நைனா கண்ணைத் திறக்காமல், கதிர் அறுக்க இன்னும் நாள் இருக்கிறது என்றார். மறுநாள் காலையில் கதிரைக் காக்க அம்மா குப்பம் போகும் பஸ் ஏறினாள்.