ஏறத் தெரியும், இறங்கத்தான் முடியாது

நண்டு என்றால் எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். என் சித்தியின் நடு மகள், எனக்குத் தங்கை முறை. அந்தப் பெயரை வைத்தவன் அவள் துணி துவைக்கிற லாட்ஜின் மேனேஜர். அவன் நாசமாய்ப் போக.

நாலு மாடி லாட்ஜ். படுக்கை விரிப்புகளைக் கீழே துவைத்து மொட்டை மாடியில் காயப்போட வேண்டும். ஈரத்துணி வாளியோடு எப்படியோ மேலே போய்விடுவாள். வெறுங்கையோடு இறங்கும்போதுதான் முழங்கால் சில்லுக்குப் பின்னால் ஊசி ஏற்றினது மாதிரி வலிக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவாள். கூடத் துவைக்கிற இரண்டு பெண்களும் சிரிப்பார்கள்.

“சுமையோட ஏறுறவளுக்குச் சும்மா இறங்க முடியலையாம். யார்கிட்ட கதை?” என்றான் மேனேஜர்.

அவன் அனுப்பிய டாக்டர் அவளைப் படுக்கவைத்து, நீட்டிய காலை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று முடித்துவிட்டார். இனி நடித்தால் வேலை கிடையாது என்றான் மேனேஜர். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதில் உட்கார்ந்து தின்கிற எங்கள் மாப்பிள்ளை, அவள் புருஷன், என்ன சொன்னான் தெரியுமா?

“படிக்கட்டைப் பார்த்தா மட்டும் வர்றது என்ன வலி?”

எனக்கு உச்சி எரிந்தது. நானே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எலும்பு டாக்டரம்மா கட்டிலில் படுக்கவே சொல்லவில்லை. ஒரு படி உயரப் பெட்டிமேல் ஏற்றி, “மெதுவா இறங்குங்கம்மா” என்றார். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தது. சில்லு வெளிப்பக்கம் விலகியது எனக்கே தெரிந்தது. காலை மடக்கிவைத்து எடுத்த படத்திலும் அதேதான்.

“இறங்கும்போது உடம்பு பாரத்தைத் தொடைத் தசை பிடிச்சு நிறுத்தணும். அது தளர்ந்துபோச்சு. சில்லு தடம் மாறி உரசுது. படுக்கவெச்சா எப்படித் தெரியும்?”

“அப்ப நான் நடிக்கலைதானே டாக்டரம்மா?”

“நடிக்கிறவங்க ஏறும்போதே அழுதிருப்பாங்க.”

ஆபரேஷன் வேண்டாம். தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி, சில்லைப் பிடித்துவைக்க ஒட்டுப்பட்டை, கொஞ்ச காலம் படிக்கட்டே கூடாது என்றார்.

“மாடி ஏறலைன்னா வீட்டுக்குப் போ” என்றான் மேனேஜர்.

நண்டு போகவில்லை. துவைக்கும் அறையில் ஒரு சோப்புப் பெட்டியைக் கவிழ்த்து, “சிரிச்சீங்களே, இதுல ஏறி இறங்கிக் காட்டுங்க” என்றாள். இறங்கும்போது இரண்டு பேருக்கும் முகம் கோணியது.

“எனக்கும் ரொம்ப நாளா இருக்கு அக்கா. சொன்னா எனக்கும் பேர் வெப்பான்” என்றாள் ஒருத்தி.

வலியை வாய்க்குள் வைத்துக்கொண்டு இன்னொருத்தி வலிக்குச் சிரித்திருக்கிறார்கள். கேட்டபோது அவர்களையும் அறையத் தோன்றியது எனக்கு. ஆனால் அன்றைக்கு மூன்று பேரும் ஈரத்துணியைக் குவித்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தங்க வந்தவர்கள் விரிப்பு எங்கே என்று கத்த ஆரம்பித்ததும், மேனேஜரே கீழே கொல்லையில் துணி காயக் கயிறு கட்டினான்.

வேலை நிலைத்தது. காலும் தேறி வருகிறது. வீட்டில் சுவரோரம் உட்கார்ந்து காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை சோறு போடச் சொல்லித் தட்டோடு வந்து நின்றால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

“என் கால் வேலையா இருக்கு. உங்க கைக்கு என்ன கேடு?”