செம்மண்ணில் தெரியாத சிவப்பு

உரும்பிராய்த் தோட்டக்காரர் தியாகலிங்கம் சலம் கழிப்பது வெங்காயப் பாத்தி ஓரத்தில்தான். அந்தச் செம்மண்ணில் எந்தச் சிவப்பும் தெரியாது. 1991 ஆவணியில் மனைவி பராசக்தியின் தமக்கை வீட்டுக்கு மிருசுவிலுக்குப் போனபோதுதான் வெள்ளை மணலில் சலத்தோடு இரத்தத்தைக் கண்டார். நோ இல்லை, எரிவு இல்லை. மூன்றாம் நாள் தானாகவே நின்றுவிட்டது.

"சூடு. இளநீர் குடிச்சன், நிண்டிட்டுது."

"எத்தினை மாதமாய் உது போகுதெண்டு உங்கடை தோட்டத்தைத்தான் கேக்கவேணும்," என்றார் பராசக்தி. வீடு திரும்பிய மறுநாளே கணவரின் சைக்கிள் கரியரில் ஏறி உட்கார்ந்து, "ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ" என்றார்.

வெளிச்சம் பூட்டிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சலப்பையின் உட்சுவரில் ஒரு கட்டி. இடுப்புக்குக் கீழே விறைக்கப்பண்ணி, குழாய் வழியாகவே அதைச் சுரண்டி எடுத்தார்கள். சோதித்ததில் புற்றுநோய்; ஆனால் தசைக்குள் இறங்கவில்லை.

மூன்று நாள் சலக்குழாயும் பையுமாகக் கிடந்தார். பை இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா, குழாய் மடங்கிக் கிடக்கிறதா என்று பராசக்தி பார்த்துக்கொண்டார். தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடையாத காலம் அது. உடுப்புத் தோய்க்கப் பனம்பழக் களியை வைத்துக்கொண்டு, இருந்த அரைக்கட்டியைக் கைக்கென்று ஒதுக்கினார்.

"சுருட்டை விடுங்கோ ஐயா," என்றார் வைத்தியர். "மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வாங்கோ. இரத்தம் போனாலும் போகாட்டிலும் பாக்கவேணும். உது திரும்பி வாற வருத்தம்."

வெங்காயத்தோடு புகையிலையும் நடுகிற தியாகலிங்கம் அன்றோடு சுருட்டை விட்டார். ஒரு மாதம் வீட்டில் எவரோடும் ஒழுங்காகக் கதைக்கவில்லை.

பராசக்தி ஒரு கண்ணாடிப் போத்தலைக் கொடுத்து, காலைச் சலம் இனி இதற்குள்தான் என்றார். தினமும் அதை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பக்கத்துத் தோட்டத்துப் பரமலிங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, தேத்தண்ணிக்குச் சாயம் காணுமோ?"

"தம்பி, உனக்கும் ஒரு கோப்பை வாக்கட்டோ?"

மார்கழி வந்தது; மூன்று மாதத் தவணை நாளும் வந்தது. போத்தலில் ஒரு நாளும் சிவப்பு இல்லை.

"நாளைக்கு வெங்காயம் நட ஆள் சொல்லியாச்சு," என்றார் தியாகலிங்கம். "உம்மடை போத்தலே சுகமெண்டு சொல்லுது. பிறகென்னத்துக்குக் குழாய்?"

பராசக்திக்கு உடனே விளங்கியது. அவருக்கு இந்தச் சாக்கைக் கொடுத்தது தான்தான். கட்டி சிறிதாக இருக்கும்போது இரத்தம் வராமலும் இருக்கலாம். வரும்வரை காத்திருந்தால் அது உள்ளே இறங்கிவிடக்கூடும். போத்தலைக் கொண்டுபோய்க் குப்பைக் கிடங்கில் போட்டுவிட்டு வந்தார்.

"மேலாலை பச்சை தெரியேல்லை எண்டு, மண்ணுக்குள்ளை கிடக்கிற கோரைக்கிழங்கைக் கிளறிப் பாக்காமல் வெங்காயம் நடுவியளோ?"

"கொத்திப் பாத்துத்தான் நடவேணும்," என்றார் தியாகலிங்கம். பிறகு, முதல் தடவையாக, "நோகுமப்பா," என்றார்.

"ஓம், நோகும். பத்து நிமிசம். நான் வெளியிலை இருப்பன்."

போனார்கள். எள்ளளவில் இரண்டு கட்டிகள் புதிதாக முளைத்திருந்தன. இரண்டையும் எடுத்தார்கள். உட்சுவரை விட்டு இறங்கவில்லை.

வைத்தியர் துண்டில் திகதி எழுதக் குனிந்தபோது தியாகலிங்கம் இடுப்புச் சாரத்தை இறுக்கிக்கொண்டே கேட்டார்:

"அடுத்தது பங்குனியோ? எனக்கு அப்ப வெங்காயம் கிண்டுறது. ஒரு கிழமை முந்தி வரட்டோ, ஐயா?"