ஏசுபாதத்தோடு மாற்றிக்கொண்ட கேமரா

எங்கள் பணிமனையில் ஃபிட்டராக இருந்த ஏசுபாதத்தைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியுமா தெரியவில்லை. அந்த மனிதரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

அவர் அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். ஏசுபாதம் ஐ.டி.ஐ. படித்து, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, புதுப்பட்டினத்தில் மாடி வீடு கட்டினார். அதிலெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பொங்கலுக்கு நகரியத்தில் நடக்கும் புகைப்படக் கண்காட்சியில் மூன்று வருடமாக முதல் பரிசு அவருக்கே. நானோ ஒளியியல் படித்த விஞ்ஞானி. இருவரிடமும் ஒரே மாதிரிப் பழைய ஃபிலிம் கேமரா. அவர் படத்தில் மீன் விற்கும் அம்மாளின் மூக்குத்தி மின்னும். என் படத்தில் மூக்கே தெரியாது.

"கேமரா சரியில்லை" என்பேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பாள் மனைவி வசுமதி.

கேமராவில் பழுது இருந்தது உண்மை. அந்த வகைக் கேமராவில் பார்க்கும் கண்ணாடிக்குள் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. என்னுடையதில் அது விலகியிருந்தது. 1998 மார்கழியில் நானே மொட்டை மாடியில் மேல்மூடியைக் கழற்றினேன். லென்ஸை வெகுதூரத்துக்கு வைத்து, எதிரே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, உள்ளிருந்த சின்னத் திருகைத் திருப்பினேன். இரண்டும் ஒட்டின. படமோ முன்னைவிட மோசம்.

அப்போதுதான் அந்தக் கெட்ட புத்தி வந்தது. ஸ்டாஃப் பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இந்த வருஷம் ஒரு வேடிக்கை பண்ணலாமா? உங்க கேமரா எனக்கு, என்னோடது உங்களுக்கு."

பழுதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அதுக்கின்னா சார், எடுத்துகினு போங்க" என்று தோளிலிருந்து கழற்றியே கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். நான் இரண்டு ரோல் எடுத்தேன். செங்கல்பட்டில் பிரின்ட் போட்டுப் பார்த்தால், மீன் வலையின் முடிச்சுகளை எண்ணலாம். பரிசு எனக்குத்தான் என்று சட்டையைக்கூடத் தேய்த்து வைத்தேன்.

முதல் பரிசு ஏசுபாதத்துக்கு. எனக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை.

"என் கேமராவிலா எடுத்தீங்க?" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

"ரெண்டு ரெண்டா காட்டிகினு இருந்திச்சு சார். கிட்டக்க இருக்கறத வெச்சு யாரோ திருப்பிக்கீறாங்க. நம்ம வூட்டு மாடிலேர்ந்து பிளான்ட் சிம்னி தெரியும், ரொம்ப தூரம். அத்த வெச்சு சரி பண்ட்டேன்."

யாரோ என்றார். யார் என்று அவருக்குத் தெரியாதா? எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பொறாமையாக இருந்தது.

பரிசு வாங்கிய படத்தில் இருந்தது நான். முழங்கால் வரை அலை வந்ததுகூடத் தெரியாமல், அவர் கேமராவைக் கண்ணில் வைத்து, குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறேன். வசுமதி அவரிடமே ஒரு பிரதி கேட்டு வாங்கி ஹாலில் மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் யார் எடுத்தது என்று கேட்கிறார்கள். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.