ஆறு மணிப் பொய்

இப்போது படகுக்குப் படகு இடம் காட்டும் மின்திரை ஒன்று வந்துவிட்டது. யார் எந்த மூலையில் நங்கூரம் போட்டிருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். அலாஸ்காவின் பீட்டர்ஸ்பர்க் துறைமுகத்தில் இதை முன்னேற்றம் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஆர்விட் ஹொவ்டே ஓடித் திரிந்த காலத்தில் அந்தக் கரையில் பொய் சொல்ல ஒரு நேரம் இருந்தது, அதற்கு ஒரு மரியாதையும் இருந்தது. எனக்கு அந்தக் கோடைகள்தான் வேண்டும்.

ஆர்விட்டுடையது ஹாலிபட் மீன் பிடிக்கிற நார்வேக் குடும்பம். மீன் கிடைத்த இடத்தைக் கூடப் பிறந்தவனுக்கே சொல்லமாட்டார்கள். அவருடைய அப்பா சாகக் கிடந்தபோதுதான் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரே ஒரு இடத்தைச் சொன்னார். ஆர்விட் ஆசை ஆசையாகப் போய்த் தூண்டில் போட்டார். அங்கே மீனே இல்லை.

நாற்பது வயதுக்கு மேல் முதுகு ஒத்துழைக்கவில்லை. தெர்னா என்ற தன் மரப்படகின் மீன் கிடங்கைத் தேய்த்துக் கழுவி எட்டுப் படுக்கைகள் போட்டார். கோடையில் வாரத்துக்கு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு திமிங்கலம், கரடி, பனியாறு என்று காட்டக் கிளம்பினார். மனைவி ரக்னா சமையல். மீன் வாடை போக இரண்டு வருஷம் ஆயிற்று. தினமும் இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டே ரக்னா அதை விரட்டினார் என்று சொல்வார்கள்.

வாடை போனது, புத்தி போகவில்லை. முன்பு மீனை ஒளித்தவர் இப்போது கரடியை ஒளித்தார்.

யாரிடமிருந்து? முக்கியமாக வெர்னனிடமிருந்து. வெர்னன் பக்கத்துத் தீவுக்காரர், அந்தக் கரையின் பூர்வகுடியான டிலிங்கித் இனத்தவர். இளவயதில் இருவரும் ஒரே படகில் வலை இழுத்தவர்கள். அவரும் இப்போது ஒரு சின்னப் படகில் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆறு மணி ஆனால் ரேடியோவில் இருவரும் தவறாமல் பேசுவார்கள்.

"டேய் கிழவா, எங்கடா கிடக்க?" என்பார் வெர்னன்.

"தெக்கால. ஒரே மழை. ஒரு மண்ணும் இல்ல."

"திமிங்கலம்?"

"வாலைக்கூடக் கண்ணால பாக்கல. நீ?"

"எனக்கென்ன, எஞ்சின் மக்கர். ஊர்லயே உக்காந்து ஈ ஓட்டுறேன்."

இதைச் சொல்லும்போது ஆர்விட்டின் ஜன்னலுக்கு வெளியே நான்கு திமிங்கலங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஊரில் ஈ ஓட்டுகிறவரின் பின்னால் விருந்தாளிகள் "கரடி, கரடி" என்று கத்துவது ரேடியோவிலேயே கேட்கும். ஆர்விட் ஒலிவாங்கியை மாட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் மாதிரி சிரிப்பார்.

"ரெண்டு கிழடும் சர்ச்சுக்குள்ள மட்டும்தான் பொய் சொல்றதில்ல. அங்க பேச விடமாட்டாங்க," என்பார் ரக்னா.

ஆர்விட்டின் பெரிய ரகசியம் வடக்கே ஒரு குடா. வாய் குறுகல். இரண்டு திருப்பம் திரும்பினால் அகன்று, ஓர் ஓடை, ஒரு புல்வெளி, புல் மேய வரும் கரடிகள். ஒவ்வொரு பயணத்திலும் கடைசி இரண்டு நாள் அங்கேதான். மேல்தளத்தில் நின்று தொப்பியைக் கழற்றி, "இங்க மனுஷக் காலடியே பட்டதில்ல," என்று விருந்தாளிகளிடம் சொல்வார். பதினாலு வருஷம் இப்படிச் சொன்னார். அதை நம்பியும் விட்டார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜூலையில் ஒருநாள் மதியம் தெர்னா குடாவின் வாயில் நுழையும்போது, தூரத்தில் ஒரு வெள்ளைப் படகு தெரிந்தது.

"வெர்னன்தான். மோப்பம் பிடிச்சு வந்துட்டான்!"

அது வெர்னன் இல்லை, யாரோ சால்மன் மீன் ஏற்றப் போகிறவன். ஆனால் ஆர்விட் வழக்கமான இடத்தில் நிற்காமல் உள்ளே, உள்ளே என்று போய், பாய்மரம்கூட வெளியே தெரியாதபடி ஒரு குட்டித் தீவின் பின்னால் நங்கூரம் போட்டார்.

"இவ்வளவு உள்ள எதுக்கு ஆர்விட்? தண்ணி வடியுமே."

"ஆழம் பாத்துட்டேன். நீ ரொட்டியப் பாரு."

ஆழம் இருந்தது. கடல் ஏற்றத்தின் உச்சியில் எங்கேதான் ஆழம் இருக்காது? வடக்கில் கடல் ஆறு மணி நேரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குமேல் இறங்கும். நாலு மணிக்கு அடியில் ஒரு முட்டல். படகின் பின்பக்கம் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. ஐந்தரைக்குள் அலமாரித் தட்டெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. கீழே போய்ப் பார்த்தார். இரண்டு பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி.

விருந்தாளிகளைத் துடுப்புப் படகில் கரைக்குக் கொண்டுபோய்த் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார வைத்து, ரக்னா சூப் ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் உயிருக்குப் பயமில்லை. படகுக்குத்தான் ஆபத்து. எட்டு மணிக்கு மேல் தண்ணீர் திரும்ப ஏறும். சரிந்து கிடக்கும் தெர்னா நிமிர்வதற்குள் பலகை வழியாகக் கடல் உள்ளே புகுந்துவிடும். அவ்வளவு சரிவில் எஞ்சின் ஓடாது, எஞ்சின் இல்லாமல் பம்பும் ஓடாது. இன்னொரு படகும் இன்னொரு பம்பும் வந்தால் உண்டு. வராவிட்டால் வீடும் பிழைப்பும் அந்தக் குடாவோடு போயிற்று.

ரேடியோவில் கத்திப் பார்த்தார். வழக்கமான இடத்திலிருந்து எட்டும் ரேடியோ இங்கே எட்டவில்லை; மலைச்சுவர் ஒரு சத்தத்தையும் வெளியே விடவில்லை. துடுப்புப் போட்டு வாய்வரை போகவே மூன்று மணி நேரம்.

ஆறு மணி ஆயிற்று. ஆர்விட் சரிந்த தளத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றார். யாராவது தேடுவதாயிருந்தால் வெர்னன்தான் தேடவேண்டும். நேற்று அவரிடம் என்ன சொன்னோம்? தெக்கால. முந்தாநாள்? தெக்கால. ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ரக்னா, நானே நம்ம படகுக்குக் குழி தோண்டிட்டேன்," என்றார் கரைக்கு வந்து. ரக்னா காப்பியை நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

எட்டரை மணிக்கு, தண்ணீர் ஏறத் தொடங்கியபோது, திருப்பத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. வெள்ளைப் படகு ஒன்று தயங்காமல், ஆழம் தேடாமல், ஒரு பக்கமாக ஒதுங்கி, வளைந்து, பாறையைச் சுற்றிக்கொண்டு நேராக வந்தது.

"கிழவா! படகைப் படுக்க வச்சிருக்கியே, தாலாட்டுப் பாடினியா?" என்று கத்தினார் வெர்னன்.

பேச நேரமில்லை. பம்பை இறக்கினார்கள். மெத்தைகளைக் கிழித்துப் பலகை இடுக்கில் அடைத்தார்கள். ஒஹாயோவிலிருந்து வந்த பல் டாக்டரம்மா, "சொத்தை அடைக்கறதுதான என் தொழில்," என்று முழங்கால் தண்ணீரில் நின்று துணியைத் திணித்தார். பம்பு கக்கக் கக்கக் கடல் ஏறிக்கொண்டே வந்தது. நள்ளிரவு நெருங்கையில், வடக்கின் வெளிச்சம் அடிவானத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்க, தெர்னா ஒரு முனகலோடு நிமிர்ந்து மிதந்தது.

மறுநாள் காலை ஓடையோரம் மூவரும் காப்பி குடித்தார்கள்.

"எப்படிடா வந்த?" என்று கேட்டார் ஆர்விட்.

"ஆறு மணிக்கு உன் பொய்யக் காணோம். ஒரு நாளும் அப்படி இருந்ததில்ல. கிளம்பிட்டேன்."

"நான் தெக்கேன்னுதான சொன்னேன்?"

"அதான் வடக்க வந்தேன்."

ரக்னா சிரித்தார். வெர்னன் எழுந்து புல்வெளி ஓரமாகப் போய், பாசியைக் காலால் ஒதுக்கினார். அடியில் கரிந்த மரத்தூண்கள் நான்கு.

"எங்க தாய்மாமன்மார் சால்மன் புகை போட்ட கொட்டகை. எங்கம்மா பொறந்தது இங்கதான். நீ மாட்டுன பாறையில எங்க பெரிய மாமா ரெண்டு தோணியை உடைச்சிருக்கார். அதுக்கு எங்ககிட்டப் பேரே இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடா."

"கேட்டா உனக்கு இடம் தெரிஞ்சுடுமேன்னு..." ஆர்விட்டின் முகம் சிவந்துவிட்டது. "பதினாலு வருஷம். உங்க இடம். நீ ஒரு தடவையாவது உள்ள வந்து என்னைத் துரத்தியிருக்கலாமே?"

"நீ இங்க வர்றது முதல் வருஷமே தெரியும். வந்திருப்பேன்," என்றார் வெர்னன். "ஆனா தெக்கால, ஒரு மண்ணும் இல்லன்னு சொல்லுவ பாரு, உன் குரல்ல அப்படி ஒரு சந்தோஷம் இருக்கும். அதைக் கெடுக்க மனசு வரல."

ஆர்விட் கோப்பையைக் கீழே வைத்தார். விருந்தாளிகள் பார்க்கிறார்கள் என்றுகூட யோசிக்காமல் அழுதார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே நான் இங்க வரலாமா?" என்று கேட்டார்.

வெர்னன் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா. ஆகஸ்டுல எங்க அக்கா பசங்க மீன் காயவைக்க வருவாங்க, அப்ப மட்டும் வேண்டாம். அப்புறம், வர்றவங்ககிட்ட எங்கம்மா பேரைச் சொல்லு."

"என்ன பேரு?"

அவர் சொன்னார். ஆர்விட்டுக்கு நாக்கு புரளவில்லை. இன்னொரு முறை கேட்டார், இன்னொரு முறை. தெர்னாவை இழுத்துக்கொண்டு குடாவின் வாயைத் தாண்டும்வரை வெர்னன் திருத்திக்கொண்டே வந்தார்.